பினோக்கியோவுக்கு எப்போதும் பசி

பினோக்கியோவை நாற்பது வயது தாண்டித்தான் முழுசாகப் படித்தேன். படிக்காமலே தெரிந்த கதை என்பதால் இத்தனை வருஷம் படிக்கத் தோன்றவே இல்லை. மரப்பொம்மை, பொய் சொன்னால் மூக்கு நீளும், திமிங்கிலம் விழுங்கும், கடைசியில் நிஜப் பையனாக மாறிவிடுவான், அவ்வளவுதானே? பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னது பாதி, கேபிள் டிவியில் பார்த்த டிஸ்னி படம் மீதி. கொஞ்ச நாள் முன்னால் மகளுக்கு ராத்திரி வாசித்துக் காட்ட ஏதாவது தேடிக்கொண்டிருந்தேன். காப்புரிமை எப்போதோ முடிந்துபோன புத்தகம் என்பதால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பே இலவசமாகக் கிடைத்தது, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம் என்று ஆரம்பித்தேன். நாலாவது அத்தியாயத்தில், புத்தி சொல்ல வந்த பேசும் சுவர்க்கோழியை பினோக்கியோ சுத்தியலை வீசி அடித்தே கொன்றுவிட்டான்.

படத்தில் தொப்பியும் குடையுமாகக் கடைசி வரைக்கும் கூடவே வருமே, அந்தச் சுவர்க்கோழிதான். புத்தகத்தில் அதற்கென்று ஒரு பெயர்கூடக் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் குடியிருந்த ஜீவன், ஒரே அடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகிறது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தேன். "அப்புறம்?" என்றாள். குழந்தைகளுக்கு எதுவும் ஆவதில்லை. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது, அவள் தூங்கியதும் மீதியை நானே படிக்க ஆரம்பித்தேன்.

எழுதியவர் கார்லோ கொலோடி. உண்மையான பெயர் கார்லோ லொரென்சினி, 1826இல் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தவர், கொலோடி என்பது அம்மாவின் ஊர். அப்பா ஒரு பிரபு வீட்டில் சமையல்காரர். கூடப் பிறந்தவர்களில் பலர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். கொலோடி பத்திரிகைக்காரர், கிண்டல் பத்திரிகை நடத்தியவர், 1848லும் 1859லும் இத்தாலிய விடுதலைப் போரில் தன்னார்வமாகப் போய்ச் சண்டை போட்டவர். ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் இந்தப் பொம்மைக் கதைக்கு வருகிறார். ரோமிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் வார இதழில் 1881 ஜூலையில் தொடராக ஆரம்பித்தது. முதல் பகுதியை அனுப்பும்போது கூடவே ஒரு கடிதம் வைத்தார்: இது ஏதோ சிறுபிள்ளை விஷயம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள், ஆனால் அச்சில் போட்டால் நல்ல காசாகக் கொடு, அப்போதுதான் தொடர்ந்து எழுத ஆசை வரும் என்கிற மாதிரி. இந்தக் கடிதத்தைப் பற்றித் தெரிந்ததும் எனக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது.

அந்த ஆசையும் ரொம்ப நாள் நிற்கவில்லை போலிருக்கிறது. அக்டோபர் மாதம், பதினைந்தாவது அத்தியாயத்தில், தங்கக் காசுக்காகத் துரத்தி வந்த இரண்டு கொலைகாரர்கள் பினோக்கியோவைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிடுகிறார்கள். ராத்திரி, பேய்க்காற்று, பொம்மை அப்படியும் இப்படியும் ஆடுகிறது. ஐயோ அப்பா, நீ இங்கே இருந்திருந்தால் என்று முனகுகிறான். கண் மூடுகிறது, வாய் திறந்துகொள்கிறது, உடம்பு ஒரு தடவை உதறிவிட்டு விறைத்துப்போகிறது. முற்றும். விளையாட்டில்லை, கொலோடி கதையை அங்கேதான் முடித்தார். குழந்தைகள் விடவில்லை, இதழாசிரியரும் விடவில்லை. நம் வார இதழ்களில் தொடர்கதை முடிந்தபோதெல்லாம் வாசகர்கள் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். 1882 பிப்ரவரியில் தொடர் மறுபடி வந்தது. 1883 ஜனவரியில் 36 அத்தியாயத்தோடு நின்றது, அதே வருஷம் புத்தகமாகவும் வந்தது.

ஆக, இது ஒரு புத்தகம் இல்லை, இரண்டு. தூக்கு வரைக்கும் ஒன்று, அதற்கப்புறம் இன்னொன்று. முதல் பாதியைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது மூக்கு இல்லை, வயிறு.

பினோக்கியோவைச் செதுக்கிய அப்பா ஜெப்பெட்டோவின் வீட்டைப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு அறை. ஒரு ஓட்டை நாற்காலி, ஒரு மோசமான கட்டில், ஆட்டம் காணும் மேஜை. எதிர்ச் சுவரில் அடுப்பு எரிகிறது, ஆனால் அந்த நெருப்பு வரைந்த நெருப்பு. அதன் மேல் ஒரு பானை கொதிக்கிறது, பானையும் வரைந்ததுதான், அதிலிருந்து வரும் ஆவியும் வரைந்ததுதான், அசல் ஆவி மாதிரியே இருக்கும் என்று கொலோடி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த இரண்டு அத்தியாயம் தாண்டி பினோக்கியோவுக்கு முதல் தடவை பசிக்கிறது. ஓடிப்போய் பானையின் மூடியைத் திறக்கப் பார்க்கிறான், சுவர். அந்த இடத்தில் அவன் மூக்கு நாலு விரற்கடை நீளுகிறது.

கவனித்தீர்களா, அவன் அங்கே எந்தப் பொய்யும் சொல்லவில்லை. பசியோடு ஓடிப்போய் ஏமாந்துபோனான், அதற்கே மூக்கு நீண்டது. அதற்கு முன்னால் ஜெப்பெட்டோ அவனைச் செதுக்கும்போதே மூக்கு தன் பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும், அவர் வெட்ட வெட்ட வளரும். பொய்க்காக மூக்கு நீளும் அந்தப் பிரபலமான காட்சி பதினேழாவது அத்தியாயத்தில்தான் வருகிறது, அதாவது கொலோடி முடித்துவிட்டுத் திரும்பி வந்து எழுதிய பகுதியில். பிறகு இருபத்தொன்பதாவது அத்தியாயத்தில் இன்னொரு முறை. மற்ற இடங்களில் பையன் சரளமாகப் பொய் சொல்கிறான், என் காலைப் பூனை தின்றுவிட்டது என்று அப்பாவிடமே புளுகுகிறான், மூக்குக்கு ஒன்றும் ஆவதில்லை. உலகம் முழுக்கப் பொய்க்கு அடையாளமாகிப்போன மூக்கு, சொந்தக் கதையில் இவ்வளவு அலட்சியமாக நடந்துகொள்கிறது.

பானைக்குத் திரும்புவோம். குப்பையில் ஒரு முட்டை கிடைக்கிறது. ஆம்லெட்டா, பொரித்துத் தின்பதா, வேகவைப்பதா என்று பெரிய யோசனை. உடைத்தால் உள்ளிருந்து கோழிக்குஞ்சு வெளியே வந்து, ஓட்டை உடைக்கிற சிரமத்தை எனக்கு மிச்சம் பண்ணியதற்கு நன்றி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பறந்துவிடுகிறது. இடியும் மழையுமான ராத்திரியில் ஊருக்குள் ஓடி ஒரு வீட்டு மணியை அடிக்கிறான், கொஞ்சம் ரொட்டி கொடுங்கள் என்று. மேலே ஜன்னலில் ஒரு கிழவர், வம்புக்காரப் பசங்களில் ஒருவன் என்று நினைத்து ஒரு அண்டா தண்ணீரைத் தலையில் கொட்டுகிறார். நனைந்து திரும்பி வந்து கணப்புச் சட்டி மேல் காலை நீட்டியபடியே தூங்கிவிடுகிறான். மரக்கால். விடிவதற்குள் எரிந்து சாம்பலாகிவிட்டது.

காலையில் ஜெப்பெட்டோ வந்து, தான் சாப்பிட வைத்திருந்த மூன்று பேரிக்காயை எடுத்துக் கொடுக்கிறார். தோல் சீவினால்தான் சாப்பிடுவேன் என்று அடம். அவர் ஒன்றும் சொல்லாமல் சீவி, தோலையெல்லாம் மேஜை ஓரத்தில் எடுத்து வைக்கிறார். பழத்தைத் தின்றுவிட்டு நடுத்தண்டை எறியப் போகிறான், கையைப் பிடித்துத் தடுத்து அதையும் தோலோடு சேர்த்து வைக்கிறார். மூன்று பழமும் இரண்டிரண்டு வாயில் போயாயிற்று, இன்னும் பசி. வேறு எதுவும் இல்லையப்பா, இந்தத் தோலும் தண்டும்தான் என்கிறார். சரி, ஒரு தோலைத் தின்று பார்க்கிறேன் என்று முகத்தைச் சுளித்தபடி ஆரம்பிக்கிறான், ஒன்றன்பின் ஒன்றாகத் தோல் தீர்கிறது, தண்டும் தீர்கிறது, வயிற்றைத் தட்டிக்கொண்டு இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்கிறான். நீதி சொல்லத்தான் எழுதிய காட்சி, சந்தேகமே இல்லை, ஜெப்பெட்டோ ஒரு சின்னப் பிரசங்கமும் வைக்கிறார். ஆனால் என் கண் நின்றது அந்த மேஜை ஓரத்தில். தோலை எறியாமல் எடுத்து வைக்கிற கை அது, யாருக்கும் பாடம் நடத்துவதற்காக அப்படிச் செய்யவில்லை, அவர் தினமும் அப்படித்தான் செய்கிறவர்.

அதற்கடுத்த அத்தியாயத்தில் பையனுக்குப் பூப்போட்ட காகிதத்தில் சட்டை, மரப்பட்டையில் செருப்பு, ரொட்டியின் உள்பகுதியைப் பிசைந்து ஒரு தொப்பி. (சாப்பிட ரொட்டி இல்லாத வீட்டில் ரொட்டித் தொப்பி எப்படி என்று என் மகள் மறுநாள் கேட்டாள். கொலோடிக்கே பதில் தெரிந்திருக்காது.) பள்ளிக்கூடம் போக அரிச்சுவடி வேண்டும், காசு இல்லை. ஜெப்பெட்டோ ஒட்டுப்போட்ட பழைய கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறார், வரும்போது கையில் புத்தகம், உடம்பில் வெறும் சட்டை. வெளியே பனி கொட்டுகிறது. கோட்டு எங்கே? விற்றுவிட்டேன். ஏன் விற்றீர்கள்? எனக்குப் புழுக்கமாக இருந்தது.

பொய் சொல்லக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லும் கதை என்று பெயர் வாங்கிய புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒரு பொய். அதைச் சொன்னவருக்கு மூக்கு நீளவில்லை. பனி நின்றதுமே பையன் அந்த அரிச்சுவடியை நாலு செப்புக் காசுக்குப் பழைய துணிக்காரரிடம் விற்றுவிட்டுப் பொம்மலாட்டம் பார்க்கப் போய்விடுகிறான் என்பது வேறு விஷயம்.

எழுதப்பட்ட காலத்தைப் பார்த்தால் இந்தப் பசி ஆச்சரியம் இல்லை. இத்தாலி ஒரே நாடாகி இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. விவசாயிகள் என்ன நிலைமையில் இருக்கிறார்கள் என்று நாடாளுமன்றம் 1877இல் ஒரு பெரிய விசாரணை போட்டு, கதை வந்துகொண்டிருந்த அதே காலத்தில் அதன் தொகுதிகள் அச்சாகிக்கொண்டிருந்தன. தொடக்கக் கல்வி கட்டாயம் என்ற சட்டமும் அதே 1877இல்தான். கட்டாயப் பள்ளிக்கூடம் ஒருபக்கம், புத்தகம் வாங்கக் கோட்டை விற்கிற அப்பா இன்னொருபக்கம். இதையெல்லாம் கொலோடி விளக்கிக்கொண்டிருக்கவில்லை, அன்றைய குழந்தைகளுக்கு விளக்கத் தேவையும் இருந்திருக்காது.

சமையல்காரர் மகன் என்பதால் சாப்பாட்டை எழுதும்போது அவர் பேனா குஷியாகிவிடுகிறது. நரியும் பூனையும் பினோக்கியோவைச் சிவப்பு நண்டு விடுதிக்குக் கூட்டிப் போகிற இடம் இருக்கிறதே. பூனைக்கு வயிறு சரியில்லையாம், அதனால் தக்காளிக் குழம்பில் போட்ட 35 நவரை மீன், அப்புறம் நாலு தட்டு குடல் கறி, அதிலும் ருசி போதவில்லை என்று மூன்று தடவை வெண்ணெயும் துருவிய பாலாடைக்கட்டியும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நரியை டாக்டர் பத்தியத்தில் வைத்திருக்கிறார், ஆகவே ஒரே ஒரு முயல், தொட்டுக்கொள்ளக் கொழுத்த கோழிகள், பிறகு வாய்க்கு ருசியாகக் கவுதாரி, தவளை, பல்லி, திராட்சை, அதோடு சரி, உணவைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிறது. எல்லாருக்கும் காசு கொடுக்கப்போகிற பினோக்கியோ கேட்டது ஒரு அக்ரூட் கொட்டையில் ஒரு துண்டும் ஒரு ரொட்டி ஓரமும். அதையும் தட்டிலேயே வைத்துவிடுகிறான், மண்ணில் புதைத்தால் மரமாக முளைக்கும் தங்கக் காசை நினைத்து நினைத்து வயிறு நிறைந்துவிட்டதாம். சீட்டுக் கம்பெனி, இரட்டிப்புத் திட்டம் என்று ஊர் ஊராகக் காசு போனதைப் பார்த்தவர்களுக்கு இந்த அத்தியாயத்துக்கு உரை தேவையில்லை.

காசைப் பறிகொடுத்தவன் நீதிமன்றத்துக்குப் போகிறான். நீதிபதி ஒரு வயதான கொரில்லா, தங்க பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி, கண்ணாடிதான் இல்லை. நடந்ததைப் பொறுமையாகக் கேட்டு, மனம் உருகி, கடைசியில் மணியை அடித்துக் காவல்காரர்களைக் கூப்பிட்டு, இந்தப் பாவியிடமிருந்து நாலு தங்கக் காசைத் திருடிவிட்டார்கள், இவனைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்கிறார். நாலு மாதம் சிறை. அந்த நாட்டு ராஜா ஏதோ யுத்தத்தில் ஜெயித்ததற்காகக் கைதிகளை விடுதலை செய்கிறார். பினோக்கியோவும் கிளம்பினால் சிறைக்காவலர் தடுக்கிறார்: நீ இந்தப் பட்டியலில் இல்லை, இது குற்றவாளிகளுக்கு மட்டும். மன்னிக்கணும், நானும் குற்றவாளிதான் என்கிறான். அப்படியென்றால் சரி என்று தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்துக் கதவைத் திறந்துவிடுகிறார். கிண்டல் பத்திரிகை நடத்திய கை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாம் பாதி எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். நீல முடி தேவதை வந்ததும் கதை அடிக்கடி பாடம் நடத்த உட்கார்ந்துவிடுகிறது. அடங்கு, படி, உழை, அப்பா அம்மா பேச்சைக் கேள் என்று நாலு பக்கத்துக்கு ஒருமுறை யாராவது வந்து சொல்கிறார்கள், கிளியும் சொல்கிறது, நண்டும் சொல்கிறது. தேவதை அவனைத் திருத்துகிற விதமும் கொஞ்சம் கொடூரம்தான். நீ என்னை விட்டுப் போனதால் துக்கத்தில் செத்தேன் என்று கல்லறைக் கல்லில் எழுதி வைக்கிறாள், பிறகு ஒரு தீவில் உயிரோடு தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு வருகிறாள். இன்னொரு நாள் ராத்திரி மழையில் வந்து கதவைத் தட்டுகிறான், திறக்க வருவது ஒரு நத்தை, நாலாவது மாடியிலிருந்து கீழே இறங்க ஒன்பது மணி நேரம். பசிக்கிறது என்றால் தட்டில் ரொட்டி, கோழி, பழம் எல்லாம் வருகிறது. ரொட்டி சுண்ணாம்பு, கோழி அட்டை. மறுபடியும் வரைந்த பானைதான்.

ஆனாலும் பசி இரண்டாம் பாதியிலும் விட்டுப்போகவில்லை. திராட்சைத் தோட்டத்தில் இரண்டு குலை பறிக்கப் போய்ப் பொறியில் மாட்டி, செத்துப்போன நாயின் பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கோழிக்கூட்டுக்குக் காவல் இருக்கிறான். புறா ஒன்று அவனைத் தூக்கிப் பறக்கும்போது ஒரு வெறும் புறாக்கூட்டில் இறங்குகிறார்கள், தண்ணீரும் ஒரு கூடை காட்டுப் பயறும்தான் இருக்கின்றன. ஜென்மத்தில் பிடிக்காத பயறு, அன்று வயிறு முட்டத் தின்றுவிட்டு, இது இவ்வளவு ருசியா என்கிறான். பசி ருசி அறியாது என்று நாம் சொல்வதைக் கிட்டத்தட்ட அப்படியே புறா அவனுக்குச் சொல்கிறது. அவனையும் ஜெப்பெட்டோவையும் விழுங்குவது திமிங்கிலம் இல்லை, ஒரு ராட்சதச் சுறா, ஆஸ்துமா வந்து வாயைத் திறந்து வைத்தபடியே தூங்குகிற கிழட்டுச் சுறா. அதன் வயிற்றுக்குள் ஜெப்பெட்டோ இரண்டு வருஷம் உயிரோடு இருந்ததற்குக் காரணத்தையும் கொலோடி மறக்காமல் எழுதுகிறார்: சுறா ஒரு சரக்குக் கப்பலையும் சேர்த்து விழுங்கியிருந்தது, அதில் டப்பாவில் அடைத்த இறைச்சி, பிஸ்கட், ஒயின், உலர்ந்த திராட்சை, பாலாடைக்கட்டி, காபி, சர்க்கரை. ஜெப்பெட்டோ அவர் வாழ்க்கையிலேயே ஒழுங்காகச் சாப்பிட்டது அந்த இரண்டு வருஷமாகத்தான் இருக்கும்.

விளையாட்டு நாட்டுக்குப் போய்க் கழுதையாவதைப் படத்திலும் பார்த்திருப்பீர்கள். படத்தில் அந்தக் கூட்டாளிப் பையன் கழுதையானதும் காட்சியிலிருந்து போய்விடுவான், அப்புறம் அவன் பேச்சே இல்லை. புத்தகத்தில் கணக்கு முடிக்கப்படுகிறது. சுறாவிடமிருந்து தப்பி வந்த பினோக்கியோ, உடம்பு முடியாத அப்பாவுக்கு ஒரு குவளைப் பால் வாங்க வேண்டும், காசு இல்லை. தோட்டக்காரர் ஒருவர் கிணற்றுச் சக்கரத்தைச் சுற்றி நூறு வாளித் தண்ணீர் இறைத்தால் பால் தருகிறேன் என்கிறார். இதுவரைக்கும் இதை யார் செய்தார்கள் என்றால் ஒரு கழுதை, பாவம், இப்போது சாகக் கிடக்கிறது. லாயத்தில் போய்ப் பார்க்கிறான். பசியிலும் உழைப்பிலும் தேய்ந்துபோய் வைக்கோலில் கிடக்கிற அந்தக் கழுதையின் முகம் எங்கோ பார்த்த முகம். குனிந்து, கழுதைப் பாஷையில், நீ யார் என்று கேட்கிறான். கண்ணைத் திறந்து தன் பெயரைச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறது, லூசின்யோலோ, கூடப் படித்தவன். பினோக்கியோ ஒரு பிடி வைக்கோலை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். தோட்டக்காரருக்குச் சிரிப்பு: உனக்கு ஒரு காசு செலவில்லாத கழுதைக்கு இவ்வளவு வருத்தமா, அப்படியானால் காசு கொடுத்து வாங்கிய நான் என்ன செய்வது? அது என் கூடப் படித்தவன் என்கிறான் பினோக்கியோ. கழுதையெல்லாம் படிக்கிற பள்ளிக்கூடமா, நல்ல படிப்புத்தான் என்று அவர் பெரிதாகச் சிரிக்கிறார். பையன் பதில் சொல்லாமல் பாலை வாங்கிக்கொண்டு கிளம்புகிறான். இந்தப் பக்கத்தை மகளுக்கு வாசித்தபோது குரலைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

கடைசி அத்தியாயத்தில் அவன் நிஜப் பையனாகிறான், நல்ல வீடு, புதுத்துணி, சட்டைப்பையில் தங்கக் காசு. அந்தப் பழைய மரப்பொம்மை எங்கே என்று கேட்கிறான். ஜெப்பெட்டோ காட்டுகிறார், நாற்காலியில் சாய்ந்து, தலை ஒருபக்கம் தொங்க, கை கால் துவண்டு கிடக்கிறது. பொம்மையாக இருந்தபோது நான் எவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்கிறேன் என்று திருப்தியாகச் சொல்கிறான் புதுப்பையன். அந்தப் புதுப்பையனை எனக்குப் பிடிக்கவே இல்லை. 36 அத்தியாயம் பசித்துக் கிடந்தவன், தூக்கில் தொங்கியவன், கழுதையாகி நொண்டியவன் எல்லாம் அந்த நாற்காலியில் கிடப்பவன்தான், இந்தப் பளபளப்பானவனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என் மகளோ, அந்தப் பொம்மையை இனிமேல் யார் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டு, தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்று ஜெப்பெட்டோவுக்கு ஆர்டர் போட்டாள்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். குழந்தைகளுக்கு என்று மெலிந்த, பளபள படப் புத்தகங்களாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் தூக்கும் இருக்காது, பேரிக்காய்த் தோலும் இருக்காது, லாயத்துக் கழுதையும் இருக்காது. 36 அத்தியாயம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து எடுங்கள். ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் என்று வாசித்தால் சரியாக வரும், ஒவ்வொன்றும் தொடருக்காக எழுதியது என்பதால் முடிகிற இடத்தில் எவனாவது ஒருவன் எங்காவது மாட்டிக்கொண்டுதான் இருப்பான். பதினைந்தாவதை மட்டும் சனிக்கிழமை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அன்று பதினாறையும் பதினேழையும் சேர்த்து வாசிக்காமல் யாரும் தூங்கவிடவில்லை.